விளக்கு வைத்த பிறகு கொடுத்த உறை

மும்பை செம்பூரில், திலக் நகரில் எங்கள் பழைய கட்டடம் இருந்தவரை, விளக்கு வைத்த பிறகு யார் வந்து நின்றாலும் தயிருக்கு உறை கொடுக்க மாட்டேன். கீழ்வீட்டுக்காரியையே எத்தனையோ முறை, "காலைல வாம்மா" என்று வெறும் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவள் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பட்டறை. கோபப்படாமல் சிரித்துக்கொண்டே போவாள்.

என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் மூன்று தங்கமீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். வீடியோ காலில் முதலில் மீனைக் காட்டச் சொல்வான், அம்மாவெல்லாம் அப்புறம்தான். நானோ சுத்தப் பைத்தியம். வாராவாரம் தொட்டி, கூழாங்கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுத் தேய்த்துத் தள்ளினேன். இரண்டு மீன் செத்துப்போனது. மூன்றாவதும் மேலே வந்து வாயைப் பிளந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன்?

கீழ்வீட்டுக்காரியும் மீன் வளர்ப்பவள். வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழுவிக் கழுவியே கொன்னுட்டியளே அக்கா! மீன் கழிவுல உள்ள விஷத்தத் திங்கிற நல்ல கிருமியெல்லாம் இந்தப் பஞ்சுலதான் இருக்கு. அதப் போயி வெந்நீர்ல அவிச்சா?"

கொஞ்சம் தண்ணீரை மாற்றினாள். பிறகு தன் தொட்டியின் பழுப்பேறிய பஞ்சைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி என் ஃபில்டருக்குள் வைத்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"தயிருக்கு உறை ஊத்துத மாதிரிதான். பெருகிக்கிடும். இனிமே குழாயடிக்குக் கொண்டு போகாதிய, தொட்டித் தண்ணியிலயே லேசா அலசுங்க."

மீன் பிழைத்துவிட்டது.

பிறகு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று எல்லோரும் கலைந்தோம். அவள் சுனாபட்டிக்குப் போனாள், நான் மீன்தொட்டியோடு செம்பூரிலேயே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். இங்கே பாக்கெட் தயிர்தான். யாரும் கிண்ணத்தோடு கதவைத் தட்டுவதில்லை. அந்தத் தட்டலுக்கு மனசு எப்படி ஏங்குகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

போன மாதம் ஒருநாள் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், வாசலில் அவள் நிற்கிறாள். கையில் தூக்குச்சட்டி. புது வீட்டில் கரண்ட் இல்லாமல் ஃபில்டர் நின்று, கிருமியெல்லாம் செத்துப்போனதாம். மீன்கள் மேலே வந்து தவிக்கின்றனவாம்.

"கொஞ்சம் உறை வேணும் அக்கா" என்றவள், எரியும் விளக்கைப் பார்த்துவிட்டு, "காலைல வரட்டுமா?" என்றாள்.

நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன்.