அத்தை பாடாத கடைசி அடி

விலைவாசி ஏறினால் அத்தை திட்டமாட்டாள், பாடுவாள். பல வருஷப் பழக்கம். சமையலறையில் அவள் தொண்டையைச் செருமினாலே உள்ளறையிலிருந்து அவள் அண்ணன் கேட்பார்: "எது ஏறிச்சு?"

"எண்ணெய்."

"சரி, பாடு."

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை. ரெண்டு பேர் எதிரெதிரே நின்று பிடிப்பார்கள். பாட்டில் ஒரு அடி முடிந்ததும் ஒரு மடிப்பு. எந்தக் காலத்திலோ கூலி கேட்டு வேலையை நிறுத்தியவர்கள் கட்டிய பாட்டு அது.

அண்ணன் மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேலைதான் கிடைக்கவில்லை. "பாடினா விலை இறங்கிடுமா அத்தை?" என்றாள் ஒருநாள்.

"நீ படிச்சியே, வேலை வந்துடுச்சா?"

அந்தக் கேள்வி ரொம்ப நாள் அவளை உள்ளே குடைந்தது.

அந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டதென்று ஓட்டலில் சம்பளத்தில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியின் விருந்துக்கு மட்டும் குறைச்சலில்லை. "பழைய நாட்டுப்பாட்டு ஒண்ணு பாடுங்கம்மா" என்று விருந்தன்று அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார் மேலாளர். சலவைக்கூடத்து இயந்திர இரைச்சலில் அதுவரை அவர் காதுக்கு எட்டியது மெட்டு மட்டும்தான்.

துணைக்குப் போன அண்ணன் மகள் ஓரமாக நின்றாள். அத்தை எடுத்தாள்:

"தொப்பை வளர்த்த துரையே, எங்க சோத்தை எங்கே வச்சே?"

மேலாளர் தண்ணீர் கேட்டார். ஆள்குறைப்பில் அன்று பரிமாறியதும் சலவைக்காரிகள்தான். பாட்டு கேட்டால் அவர்கள் கை சும்மா இருக்குமா? அடி முடிந்ததும் மேசை விரிப்பின் நுனியைப் பிடித்தார்கள். விருந்தாளிகள் அவசரமாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டார்கள். மூன்றாம் அடிக்குள் ஒன்று தவிர விரிப்பெல்லாம் மடிந்து அடுக்காகிவிட்டது. பெரிய மனிதர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும்மா, முடிச்சுடுங்க" என்றார் முதலாளி.

"முடியாதுங்க ஐயா. முழுக்கூலி கைக்கு வந்தாத்தான் கடைசி அடியைப் பாடணும். அதுதான் முறை."

"அதுவரைக்கும்?"

"முதல்லேர்ந்து பாடுவோம்."

மிச்சமிருந்தது அவர் மேசை விரிப்பு ஒன்றுதான். அதை முழங்கையால் அழுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம், பிடித்ததில் பாதி திரும்பி வந்தது.

"அப்போ பாதி அடியாவது பாடு அத்தை."

"பாதி மடிச்ச விரிப்பை அலமாரியில வைப்பாங்களாடி?"

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"உனக்கும் கடன்தான். முழுசா வரட்டும்."

மீதி வரவேயில்லை. அதற்குள் அத்தை போய்ச் சேர்ந்தாள். அண்ணன் மகளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது; சம்பளம்தான் சொன்னதைவிடக் குறைவு. துணி மடிக்கும்போது அவளும் பாடுகிறாள். கடைசி மடிப்புக்கு வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. அத்தை தரவேண்டிய அந்த ஒரு அடி இன்னும் பாக்கி.