நான் நீட்டிய பேனா

தேர்தல் மனுவின் வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, என்னை எதிர்த்து நின்ற அந்த அக்காவிடம் அலுவலகத்தில் கொடுத்த பேனா எழுதவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. என் பேனாவை நான் ஏன் எடுத்து நீட்டினேன்?

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய தேர்தல் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள இந்த ஊருக்கு நான் வாழ வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. பொன்னேரியில் வளர்ந்து டிகிரி முடித்தவள் என்பதால் ஊர்க்கூட்டம் என்னை வார்டு மெம்பராக்க முடிவு செய்தது. என்னிடம் கேட்கவில்லை. கூட்டத்துக்குத் தலைவர் என் மாமனார். ஊர் ஒருவரைச் சொல்லிவிட்டால் எதிரே இன்னொரு மனு விழக்கூடாது என்பது இங்கே வழக்கம்.

விழுந்தது. அந்த அக்கா புருஷனை இழந்தவள். ஓலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் மண்டியிட்டு, கையால் தடவி இறால் பிடிப்பவள். அவர்களுடைய கடைசித் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், அதற்காக நிற்கிறேன் என்றாளாம்.

அன்று சாயங்காலமே ஊர் கூடி அவளை விலக்கி வைத்தது. அவள் இறாலை யாரும் எடை போடக்கூடாது. பேசக்கூடாது. கடையில் தீப்பெட்டிகூடத் தரக்கூடாது. மூன்று நாள் கூடையோடு கரையில் நின்றாள். வெயிலில் இறால் தலை கறுத்து நாறியது.

"கலெக்டரு ஜீப்புல வந்து எடுத்துக்கினு போவாரு, இரும்மே" என்றார் ஒரு வியாபாரி. கரையே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான்காம் நாள் மாமனார் என்னை அவளிடம் அனுப்பினார். பொம்பளை போய்ச் சொன்னால் கேட்பாள் என்றார். போனேன். மனுவை வாபஸ் வாங்கினால் நாளைக்கே விலக்கை எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீ சொல்றியா, ஊரு சொல்லுதா?"

"நான் சொல்றேன்க்கா."

அதுதான் நான் செய்த தப்பு. ஒருவரை விலக்க ஊர் எந்த நாளும் கூடலாம். திரும்பச் சேர்க்க, மீன்பிடித் தொழிலுக்குப் போகாத அமாவாசையன்றுதான் கூடும். ஊருக்காகத் தனி ஆள் வாக்குக் கொடுக்க முடியாது. வெளியூர்க்காரியான எனக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சம்மதித்தாள்? மெம்பராகப் போகிறவள் சொல்கிறாளே என்று நம்பினாளோ, வீட்டில் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லையோ. மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் என் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். நான் போட்டியின்றித் தேர்வானேன். கழுத்தில் மாலை விழுந்ததும் குழந்தை பயந்து அழுதது.

அமாவாசை வந்தது. விலக்கை எடுக்கச் சொல்லி மாமனாரிடம் கேட்டேன். அவர் கூட்டத்திலேயே சொன்னார்: "வாக்கு குடுத்தது மெம்பரம்மா. எறாலையும் மெம்பரம்மாவே வாங்கிக்கட்டும்." மறுபடியும் சிரிப்பு. கூட்டம் கலைந்தது.

அதன்பின் ஆறு அமாவாசை போய்விட்டது. விலக்கு அப்படியே இருக்கிறது. அவள் முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறாள். ஊராட்சிக் கூட்டத்தில் என் நாற்காலியில் உட்காருவது என் வீட்டுக்காரர். அவர் காட்டும் இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். குழாய் வந்தது, எங்கள் தெரு முனைக்கு.

போன வாரம் அந்த அக்கா எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். அவள் கையில் என் பேனா.

"அன்னிக்கு மறந்து எடுத்துக்கினு போய்ட்டேன். நல்லாதான் எழுதுது. கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடு. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும்."

"யார் மேல புகார்னு எழுதணும்க்கா?"

"உங்க மாமனார் பேரு. அப்பால உன் பேரு."

பேனாவை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

கலெக்டர் திங்கட்கிழமைகளில் மனு வாங்குகிறார். ஒரு திங்கட்கிழமை போய்விட்டது. எழுதினால் எங்களையும் விலக்குவார்கள். என் மகள் இப்போதுதான் நடக்கிறாள், தெருவில் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைகிறாள். நாளைக்கு அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். அந்த அக்காவின் பிள்ளைகளுக்கு எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே காகிதத்தை எடுக்காமல் இருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் எழுதுவீர்களா? எழுதினால் உங்கள் பெயரையும் அதில் சேர்ப்பீர்களா? எனக்குச் சொல்லுங்கள்.