ஹெலன் திருப்பித் தூக்கி வந்த குட்டி

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஹெலனுக்கு நாய் என்றாலே ஆகாது. பயமெல்லாம் கிடையாது, அருவருப்புதான். நாய் என்று இல்லை, நாற்றம் வருகிற எதுவும் அவளுக்கு ஆகாது. அடுத்த வீட்டில் கருவாடு வறுத்தால் இவள் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். கல்யாண வீடுகளில் இலையைக் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். முந்தின பந்தியின் வாடை அடித்துவிட்டால் மொய்யை எழுதிவிட்டுப் பட்டினியாகவே திரும்புவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. கட்டிக்கொண்டு வந்த புதிதில் கணவர் செல்வின் இதைக் கேலி செய்தார். பிறகு பழகிவிட்டார்.

கடைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைக்கிற ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் ஒரு செவலைத் தெருநாய் குட்டி போட்டிருந்தது. ஹெலன் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். பெட்டி வேண்டுமென்றால் செல்வினை அனுப்புவாள். ஒரு நாள் காலையில் மணல் லாரி ஒன்று அந்தச் செவலையைக் கடை வாசலிலேயே அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை ஹெலன் கடைக்குள் திரும்பி நின்றுகொண்டாள். மத்தியானத்துக்குமேல் சந்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. கண் திறந்தும் திறக்காமலும் இருக்கிற குட்டிகள் பசியில் போடுகிற சத்தம்.

செல்வின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசஞ்சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, "சாக்குல போட்டுக் கட்டி கொளத்துப் பக்கமா விட்டுட்டு வந்திருதேன். நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றார்.

"கட்டியா?"

"கட்டாம விட்டா திரும்ப ரோட்டுக்குல்லா வரும்?"

ஹெலன் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மென்றுகொண்டே இருந்தது. சொன்னதற்கும் மெல்லுவதற்கும் நடுவில் ஒரு நிறுத்தம்கூட இல்லை. நல்ல மனிதர்தான், குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனால் அந்த நிமிடம் அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் கொண்டுபோக வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

செல்வின் சிரித்தார். "நீயா? ஏட்டி, பிள்ளையளுக்குத் துணி மாத்தும்போதே மூக்கைப் பொத்துனவ நீ."

உண்மைதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆறு குட்டிகள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், பசும்பால் கொடுத்தால் கழிச்சல் வரும், ஆட்டுப்பால் கொடுங்கள் என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஹெலனுக்குக் காது அடைத்தது. இந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே போகும். தாய் இல்லாததால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் பின்பக்கம் துடைத்துவிட வேண்டும். துடைக்கத் துடைக்கத்தான் வரும்.

முதல் தடவை செய்யும்போது சந்திலேயே வாந்தி எடுத்தாள். பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கிற யோகலட்சுமி ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டாள்.

"யக்கா, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? குடுங்க, நான் தொடைக்கேன்."

"வேண்டாம் யோகு. எடுத்தது நான்."

மெடிக்கலில் கையுறை வாங்கினாள், மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவிக்கொண்டாள், இதற்கென்றே ஒரு பழைய நைட்டி ஒதுக்கினாள். அது மற்றத் துணிகளோடு சேராமல் மாடியில் தனிக்கொடியில் காயும். யோகலட்சுமி கொடுத்த வெட்டுத்துணிகளைப் படுக்கையாக விரித்தாள். விரித்த கொஞ்ச நேரத்தில் அவை ஊறிப்போகும். குட்டிகளின் காதுக்குள் உண்ணி திராட்சை மாதிரித் தொங்கும். சின்ன இடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவாள். ஒவ்வொன்றும் வெடித்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்த மறுநாள் வெளியே வந்ததைப் பார்த்தபிறகு பல மாதம் அவள் வீட்டில் சேமியா இல்லை. ஒரு குட்டி பிழைக்கவில்லை. அதைத் துணியில் சுற்றிக் கருவேலங்காட்டோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கையை எத்தனை தடவை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

பாசம் வந்துவிட்டதா என்று யோகலட்சுமி கேட்டாள். ஹெலன் யோசித்துப் பார்த்து, "இல்லட்டி. கொமட்டத்தான் செய்யுது. ஆனா பசிச்சா கத்துதுல்லா" என்றாள்.

குட்டிகள் ஓட ஆரம்பித்ததும் யோகலட்சுமி போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஹெலனுக்கு அப்போதுதான் தோன்றியது.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிடரியைப் பிடித்துத் தூக்கி, மல்லாத்தி, காலை விரித்துப் பார்த்தார்கள். கடுவன் என்றால் ஒரு சிரிப்பு. பெட்டை என்றால் கீழே போட்டார்கள். வைக்கவில்லை, போட்டார்கள். ஒருத்தி மகளின் பிறந்தநாளுக்கு ஒரு நாள் மட்டும் வேண்டும், போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றாள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் செண்ட் வாசனையுமாக வந்த ஒருவர் ஐந்தையும் மல்லாத்திப் பார்த்துவிட்டு, "பொட்டைய வளத்தா ஊர்ல உள்ள தெருநாய் பூரா நம்ம வாசல்ல வந்து நிக்கும். நமக்கு ஒரு கௌரவம் இருக்குல்லா? கடுவன மட்டும் வச்சிக்கிட்டு மத்தத கழிச்சி விட்டுருங்கம்மா" என்றார். அவர் போனபிறகு அவர் கை வைத்திருந்த கல்லா மேசையை ஹெலன் டெட்டால் ஊற்றித் துடைத்தாள்.

அதிலிருந்து அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எங்கே படுக்கும், என்ன சாப்பிடும், வீட்டில் யார் யார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். பெண் கொடுப்பதற்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள். ராயகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் பிச்சையா என்பவர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கடுவன் ஒன்றையும் பெட்டை ஒன்றையும் சேர்த்தே கேட்டார்.

"ஒத்தையா கெடந்தா ஏங்கிப் போகும் தங்கச்சி. ரெண்டா இருந்தா ஒண்ணுக்கொண்ணு தொணையா வெளாடிக்கிட்டு கெடக்கும்."

மேலநீலிதநல்லூரில் ஸ்கூல் வேன் ஓட்டும் மாரிச்செல்வம் ஒரு பெட்டையை வாங்கிப் போனான். இன்னொரு கடுவன் பஞ்சர் கடைக்குப் போனது. மிஞ்சியது ஒரு கறுப்புப் பெட்டை. கூட்டத்தில் நோஞ்சான். முன்னங்கால் ஒன்றின் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தது மாதிரி வெள்ளையாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வாசுதேவநல்லூரிலிருந்து ரூபி மைனி போன் செய்தாள். ரூபி, செல்வினின் அக்கா. புது வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். "ஒண்ணு மிஞ்சிக் கெடக்காமே? எங்கிட்ட குடு. பெட்டையானா என்ன, ஜீவன்தான?" என்றாள். ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தத்தில் அவள் தயங்காமல் கை நனைக்கிற ஒரே வீடு அது. டைல்ஸில் முகம் தெரியும். அடுப்படியில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. எப்போது போனாலும் எலுமிச்சை வாசனை. மற்றவர்களிடம் கேட்ட கேள்விகள் எதையும் அவள் மைனியிடம் கேட்கவில்லை.

போனில் விசாரிக்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் ரூபி சொன்னாள். போட்டோ கேட்டால், அனுப்புகிறேன் என்பாள். ஆடி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு ஹெலன் சொல்லாமல் கொள்ளாமல் வாசுதேவநல்லூருக்குப் போனாள்.

ரூபி காபி கொடுத்தாள், முந்திரிக்கொத்து வைத்தாள். ஹெலன் காபியைக் குடித்துக்கொண்டே, "குட்டிய எங்க மைனி, காணோம்?" என்றாள்.

"மருமவ தம்பி காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். அங்கன ஓடியாடித் திரியட்டும்னு."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. எலுமிச்சை வாசனைக்குக் கீழே, மெல்லியதாக. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு குட்டிகளோடு சந்தில் கிடந்தவளுக்குத் தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, பாத்ரூம் போவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் நடந்தாள். ரூபி, "உள்ளயே இருக்குல்லா ஹெலன், அங்கன போகாத" என்று பின்னால் வந்தாள்.

வீடு கட்டும்போது வேலையாட்களுக்கென்று போட்ட ஒரு பழைய குளியலறை அங்கே இருந்தது. வெளியே தாழ்ப்பாள். கதவின் கீழ் இடைவெளியில் சிமெண்டுச் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். ஹெலன் தாழ்ப்பாளை இழுத்தாள்.

உள்ளே வெளிச்சம் இல்லை. தரை தெரியவில்லை, அவ்வளவு தூரம் அசிங்கம் அதன்மேலேயே படிந்து, காய்ந்து, மறுபடி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவில் பூசணம் பூத்த சோறு. ஈக்கள். மூலையில் குட்டி நின்றுகொண்டிருந்தது. வளரவே இல்லை. படுக்க இடம் இல்லாததால் நின்றுகொண்டே தூங்கிப் பழகியிருந்தது போல, கதவு திறந்தும் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வாலை மட்டும் ஆட்டியது.

"மருமவ இப்ப மாசமா இருக்கா, நாய் முடி ஆகாதுங்கா" என்றாள் ரூபி. "வெளிய விட்டா வாசல்ல அசிங்கம் பண்ணுது. இன்னைக்குக் கழுவிவிடணும்னுதான் இருந்தேன்."

"முடியலன்னா திருப்பித் தந்திருக்கலாமே மைனி?"

"தந்தா ஊரு என்ன பேசும்? ரூபிக்கு ஒரு நாய வளக்கத் துப்பில்லன்னு சபையில பேசமாட்டாளுவளா?"

கையுறை இல்லை, விக்ஸ் இல்லை, உடம்பில் கோவிலுக்குக் கட்டிய சேலை. ஹெலன் செருப்போடு உள்ளே போனாள். கால் வழுக்கியது. குட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரூபி டைல்ஸைப் பார்த்து, "ஏட்டி, வீட்டுக்குள்ள வராத, சுத்திப் போ, சுத்திப் போ" என்று கத்தினாள்.

ஹெலன் சுற்றித்தான் போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் வரும்போது குடித்த காபி மேலே வந்தது. அங்கே வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் முழுதும் கக்கினாள். நாற்றத்தால் வந்த வாந்தி அல்ல அது என்று அவளுக்கே தெரிந்தது. கொல்லையில் இது நின்றுகொண்டிருக்கும்போது முன்னறையில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்ததைக் குடித்திருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

பஸ்ஸில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போனார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். கண்டக்டர், "யம்மா, நாய ஏத்தக்கூடாது. வீச்சம் தாங்கல, எறங்குங்க" என்றார்.

"எறங்கமாட்டேன். பஸ்ஸ எடுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விசிலடித்தார். புளியங்குடியில் அடுத்த பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆட்டோ பிடித்து ஊர் வந்து சேர்ந்தாள். மூக்கைப் பொத்தக் கை இல்லாமல் அவ்வளவு தூரமும் அந்த நாற்றத்துக்குள்ளேயே மூச்சுவிட்டுக்கொண்டு வந்தாள்.

செல்வின் கடையில் இருந்தார். "அக்கா போன்ல அழுதுகிட்டு கெடக்கா. ஒரு நாய்க்காவ சொந்தத்த அறுத்துக்கிடுவியா நீ?" என்று ஆரம்பித்தவர், குட்டியின் பாதங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூத்திரத்திலேயே நின்று நின்று பாதங்கள் வெந்து தோலுரிந்திருந்தன. எழுந்து வெந்நீர் வைக்கப் போனார்.

டாக்டர் கொடுத்த களிம்பைத் தினமும் தடவி, புண் ஆறி முடி முளைக்க வெகுநாள் ஆனது. தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெயசித்ரா ஒரு சாயங்காலம் கொண்டைஊசி வாங்க வந்தவள், மேசைக்கு அடியில் கிடந்த குட்டியைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கவில்லை, மல்லாத்தவில்லை. புறங்கையை மட்டும் நீட்டினாள். குட்டி மெதுவாக வந்து மோந்து பார்த்தது.

"எனக்குக் குடுப்பீங்களா? முன்னப்பின்ன வளத்ததில்ல. என்னால முடியாதுன்னு தோணுனா சொல்லிருங்கக்கா, ஆசப்பட்டுட்டு அதக் கஷ்டப்படுத்தக் கூடாதுல்லா."

ஹெலன் நிறையக் கேள்விகள் தயாராக வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "முடியலன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்துரணும். அதுக்கு வெக்கப்படக் கூடாது."

பிறகு பல தடவை சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றே மூச்சை இழுத்துப் பார்ப்பாள். நாய் வாடை அடிக்கும். நாய் இருக்கிற வீட்டில் அடிக்கவேண்டிய அளவுக்கு. ஜெயசித்ரா காபி கொடுத்தால் குடிக்க மாட்டாள், முடி விழுந்திருக்குமோ என்ற அருவருப்பு. ஜெயசித்ராவுக்கு அதில் வருத்தமில்லை. குட்டி இப்போது பெரிதாகி, மதில்மேல் ஏறித் தெருவைப் பார்த்துக் குரைக்கிறது. கதவைச் சாத்தினால் மட்டும் ஊளையிடுகிறது என்பதால் அவர்கள் வீட்டில் எந்த அறைக்கதவையும் முழுதாகச் சாத்துவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ரூபி காரில் வந்து கடை வாசலில் இறங்கினாள். கையில் கேக் டப்பா. ஹெலன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மருமகளின் சுகத்தை விசாரித்தாள். மரியாதைக்குக் குறைவில்லை. ரூபி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். ஹெலன் கையை நீட்டவில்லை.

"இன்னுமா மனசுல வச்சிருக்க? ஒரு நாய்தானட்டி."

"மனசுல ஒண்ணுமில்ல மைனி. வயிறுதான் ஒத்துக்கிட மாட்டேங்கு."

ரூபி டப்பாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். டப்பாவை ஹெலன் பக்கத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். யோகலட்சுமி மிஷினை நிறுத்திவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"கேக்கு நல்லாத்தான இருக்கு யக்கா."

"இருக்கும்" என்றாள் ஹெலன்.