நாலு கன்று கருகிய இடம்

கரிக்கலாம்பாக்கம் கலியம்மாளைக் கோபக்காரி என்பார்கள். தப்பு. கோபம் வந்தால் போய்விடும். அவளுக்கு வந்தது பதினோரு வருஷமாகியும் போகவில்லை.

புருஷன் செத்ததும் பாகம் பிரித்தார்கள். புருஷனின் அண்ணன் ஜெகநாதன் வாய்க்கால் பாயும் நஞ்சையைத் தான் எடுத்துக்கொண்டு, ரோட்டோரத்துச் செம்மண் மேட்டை இவள் தலையில் கட்டினார். புல்கூடப் பிடிக்காத மண் அது. கொப்பரை போட்டு எண்ணெய் ஆட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அதில் நாற்பது தென்னங்கன்று வைத்தாள்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் கன்றுகள் வெளிறி நின்றன. ஜெகநாதன் பெரிய மனசு பண்ணி அரை மூட்டை யூரியாவோடு வந்தார்.

"தூர்லயே கொட்டு கலியம்மா. கருகருன்னு வந்துடும்."

"தண்ணி வுட வாணாவா மாமா?"

"இன்னாத்துக்கு? அதுவே இழுத்துக்கும்."

நம்பிக் கொட்டினாள். ரோட்டிலிருந்து அவர் வயல் வரை ஒரே வரிசையில் நின்ற நாலு கன்றுகளோடு யூரியா தீர்ந்தது. பத்தே நாளில் நாலும் கருகின. "மேடு தானா என் கைக்கு வரும் பாரு" என்று டீக்கடையில் அவர் சிரித்த சேதியும் வந்தது. கலியம்மாள் அழவில்லை. பார்க்கும்போதெல்லாம் தன் வயிறு எரியட்டும் என்று அந்த இடத்தில் மறு கன்று வைக்காமல் விட்டாள்.

உழவர் உதவியகத்தில் வெண்ணிலா என்ற பெண் அதிகாரி முறையாகச் சொல்லிக்கொடுத்தாள். கலியம்மாள் மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி எடுத்து, ஈரம் நிற்கத் தேங்காய் உரிமட்டை புதைத்து, எருவும் பொட்டாஷும் தூரைவிட்டுத் தள்ளிப் போட்டாள். காய்ப்பு வந்ததும், பென்சில் தடிமனில் உயிருள்ள வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, தென்னை டானிக் ஊற்றிய பைக்குள் விட்டுக் கட்டினாள். ஒவ்வொரு பையைக் கட்டும்போதும் ஜெகநாதனைப் பெயர் சொல்லித் திட்டுவாள். மரங்களுக்கு எது ஒத்துக்கொண்டதோ, முப்பத்தாறும் குலை தள்ளின. அவள் எண்ணெய்க்கு வில்லியனூர்க் கடைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

இந்த வருஷம் ஜெகநாதன் நஞ்சையைத் தூர்த்து மனை போட்டார். ரோட்டுக்கு வழியில்லாமல் ஒரு மனைகூட விற்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அந்தக் காலி இடத்த மட்டும் குடு கலியம்மா. மரத்துல ஒரு மட்டையக்கூட தொட மாட்டேன். இல்லன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"காலையில வாங்க மாமா."

பத்திரம் எழுதுகிறவரோடு வந்தார். காலி இடத்தில் நாலு குழிகள் வெட்டியிருந்தன. முதல் குழிக்குள் கலியம்மாள் கன்றோடு நின்றிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"பாத்தா தெரியல? இதக் கொஞ்சம் நேரா புடிங்க மாமா. இந்த எடத்த எனக்காக இத்தினி வருஷம் காலியா வெச்சிக்குடுத்ததே நீங்கதான."

பத்திரக்காரர் பையை மூடினார். கலியம்மாள் தானே கன்றைப் பிடித்து மண் தள்ளி மிதித்தாள்.

ஜெகநாதன் திரும்பி நடந்தார்.

"இன்னும் மூணு இருக்குது மாமா," என்றாள். "நின்னு பாத்துட்டுப் போங்க."