ஒரு சுற்றுப் பெரிய கவசம்

என் வீட்டுக்காரருக்கு அளவெடுப்பதில் பெரிய கர்வம். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கதவு இடுக்கைப் பார்த்தே இத்தனை மில்லிமீட்டர் என்பார். ஒருநாள் நான் சுட்ட தோசை ஒரு பக்கம் கனம் என்றார். அன்றைக்கு அடுத்த தோசை அவருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சின்னதாய் ஒரு முருகன் கோயில். வேலும் கையுமாக நிற்கிற படைத்தலைவர் இத்தனை வருஷம் வெறும் வேட்டியோடு நின்றது போதும், கவசம் சாத்தலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். முகம், மார்பு, கை, கால் என்று தனித்தனியாகச் சிலைமேல் பொருத்துகிற செப்புத் தகடு, மேலே வெள்ளி முலாம். அளவெடுக்கும் பொறுப்பை யாரும் இவரிடம் கொடுக்கவில்லை. இவராகவே எடுத்துக்கொண்டார்.

ஆனால் கருவறைக்குள் பூசாரியைத் தவிர யாரும் போகக் கூடாது. அதனால் இவர் வாசற்படியில் நின்றுகொண்டு, "மார்புக்கு நேரா பிடிங்க, தொய்யாம பிடிங்க" என்று உத்தரவு போட, பூசாரி உள்ளே நூலைப் பிடித்து அளந்தார். அந்த நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கேலில் வைத்துப் பார்த்து, எல்லா அளவிலும் கொஞ்சம் கூட்டி எழுதினார்.

"எதுக்குங்க கூட்டறீங்க?"

"கிளியரன்ஸ் வேணாமா? உள்ள வேட்டி கட்டணும். பேரிங்கையே இறுக்கிப் போட்டா சூடேறிடும். இது சாமி."

கவசத்துக்குச் சொல்ல கும்பகோணம் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். அவர் பட்டறையில் ஆசாரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நான் எதிர்க்கடையில் கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட பட்டு ஒன்றை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாகப் பார்த்து, எனக்கென்று எடுத்த முதல் பட்டு. பங்குனி உத்திரத்தன்றுதான் கட்டுவது என்று பீரோவில் வைத்து, நாளுக்கு ஒரு தரம் திறந்து பார்த்துக்கொண்டேன்.

உத்திரத்துக்கு முதல்நாள் கவசம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சாமி முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். காலையில் அபிஷேகம் முடிந்து திரை போட்டார்கள். வெளியே பால்குடம், காவடி என்று பிளாக்கே கூடி நின்றது. இவர் ஒவ்வொருவரிடமாகப் போய், "சும்மா அப்படியே போய் உக்காரும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் அப்போது வீட்டில் குளித்துவிட்டு வந்து, புடவையை எடுத்துக் கட்டில்மேல் விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது.

"புடவைய கட்டிட்டியா?" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் என் புடவையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் இல்ல. ஏன்?"

"கட்டாத! கவசம் கழண்டுகிட்டு நிக்குது."

விஷயம் இதுதான். பூசாரி வெற்றுடம்பில் அளந்தால் மரியாதையில்லை என்று வேட்டியோடு சேர்த்தே அளந்திருக்கிறார். அதற்குமேல் இவருடைய கிளியரன்ஸ். எல்லாரும் வெறும் கல்லைத்தான் அளந்து வருவார்கள் என்ற வழக்கத்தில் ஆசாரியும் தன் பங்குக்குக் கொஞ்சம் விட்டிருக்கிறார். ஒரே வேட்டிக்கு மூன்று பேர் இடம் விட்டிருந்தார்கள்.

முகத்தைச் சந்தனம் வைத்துப் பிடித்துவிட்டார்களாம். மார்புதான் நிற்கவில்லை. கோயிலில் இருந்த பட்டு வேட்டியை எல்லாம் சுற்றியும் ஆடியதாம். துண்டு வைத்து அடைக்கலாமா என்று இவர் கேட்டதற்குப் பூசாரி, "சாமி இன்னா லீக் அடிக்கிற பைப்பா? கட்டாத பட்டு இருந்தா எடுத்துகினு வாங்க" என்று விரட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, போய் அந்தத் தகட்டை நீங்களே மாட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்குத் திரை விலகிக் கவசம் சரிந்தால், ரிட்டயர் ஆகிறவரைக்கும் கேன்டீனில் இந்த மனுஷரால் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. புடவையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பழைய காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். திரைக்குள்ளிருந்து பூசாரியின் குரல் கேட்டது.

"பொடவையாங்க? முருகனுக்கா?"

"பட்டுதானே. உள்ளதானே இருக்கப்போகுது. ஃபால்ஸ்கூட அடிச்சிருக்கு, மடிப்பு நல்லா நிக்கும்" என்று கெஞ்சினார் இவர்.

திரை விலகியது. அப்பா! வெள்ளியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இப்போதே சண்டைக்குக் கிளம்பலாம் என்பதுபோல நின்றார் முருகன். அரோகரா சத்தம் எழுந்தது, செல்போன்கள் எல்லாம் மேலே உயர்ந்தன. கவசத்து ஓரத்தில் ஒரு விரற்கடைக்கு அரக்கு பார்டர் எட்டிப் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அழுகை வந்துவிட்டது. புடவைக்காகத்தான், பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"அளவுன்னா இது அளவு!" என்று ஆளாளுக்கு இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த குவார்ட்டர்ஸ் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புதுப்பட்டு எடுத்தியே, கட்டலையா?"

"வேற ஒருத்தர் ஆசப்பட்டுக் கேட்டாருக்கா, குடுத்துட்டேன்" என்றேன்.

மறுநாள் அலங்காரம் கலைத்ததும் புடவை பிரசாதமாக என் கைக்குத் திரும்பி வந்தது. விபூதியும் சந்தனமும் மணத்தது. இவர் அதற்குள் கும்பகோணத்துக்குப் போன் போட்டிருந்தார். அனுப்பினால் மார்புத் தகட்டைக் குறைத்துத் தருவதாக ஆசாரி சொன்னாராம்.

"ஒருமுறை சாமி உடம்புல ஏறினதை மறுபடி சுத்தியலால தட்டுறதா? அபச்சாரமுங்க" என்றேன் நான், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

பூசாரியும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "அம்மா சொல்றதும் சரிதாங்க. ஆனா ஒண்ணு, இந்தப் பொடவைய இனி அவங்க கட்டிக்குவாங்க. அடுத்த உத்திரத்துக்கு வேற கட்டாத கோடிப் பட்டுதான் ஆவும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன்.

"மயில் கழுத்து நிறம் அவருக்கு எடுப்பா இருக்கும்" என்றேன்.