டீச்சர் வண்டி சூடான கதை

தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் வேலைக்குப் போனதே இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பதினான்கு வயதான ஒரு வெள்ளைக் கார், பக்கத்து இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக், கூரைமேல் சிவப்பு எழுத்துப் பலகை. இவ்வளவுதான் அவளுடைய பள்ளி. பதினோரு வருடத்தில் முந்நூறு பேருக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் யாரும் சுவரில் மோதியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் ஒரு தடவைக்கு மேல் மோதியதில்லை.

அவளால் கற்றுக்கொடுக்க முடியாமல் போனது ஒரே ஒருவருக்குத்தான். அவர் அவள் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர். தொழில் தொடங்கிய புதிதில், காலியான ஒரு கிடங்கு மைதானத்தில் அவரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னாள். “கிளட்ச மெதுவா விடுங்க” என்று ஒன்பது முறை சொன்னாள். பத்தாவது முறை கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. அவர் வண்டியை நிறுத்தினார், இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார், வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் இனி வண்டிப் பேச்சே கிடையாது. அவர் கேட்கக்கூடாது, அவள் சொல்லக்கூடாது. பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

இந்த வருடம் வெயில் ஏற ஆரம்பித்தபோது வண்டியில் ஒரு கோளாறு தலைகாட்டியது. சூடு காட்டும் முள் எப்போதும் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இப்போது சந்து பொந்துகளில் மெதுவாகப் போனால் மேலே ஏறியது. திறந்த சாலையில் வேகமாகப் போனால் தானே இறங்கியது. டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியும். பானெட்டுக்கு அடியில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் வீடு மாதிரி. யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது.

இருந்தாலும் திறந்து பார்த்தாள். இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் ஊற்றும் பிளாஸ்டிக் டப்பா பழசாகி மங்கிப்போய், உள்ளே இருப்பதன் நிறம்கூடத் தெரியவில்லை. பக்கவாட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. திரவம் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியிருந்தது. கடையில் பச்சை நிறக் கூலன்ட் ஒரு பாட்டில் வாங்கி, மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றினாள். அப்பாடா என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி குறைந்திருந்தது. எங்கேயாவது ஒழுகுகிறதா என்று குனிந்து, படுத்து, கழுத்து பிடித்துக்கொள்ளும் வரை பார்த்தாள். ஒரு குழாயிலும் ஈரமில்லை. மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை டப்பாவின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்புக்குக் கிளம்பும்முன் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரவம் பேனாக் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

குறைந்தால் அர்த்தம் உண்டு. ஆறிக் கிடந்த வண்டியில் எப்படிக் கூடும்?

போதாக்குறைக்கு, முன் பம்பருக்கு நேர் கீழே சிமென்ட் தரையில் நாலைந்து துளிகள். தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுப்பு, இளஞ்சிவப்பு நிறம். அவள் ஊற்றியதோ பச்சை.

தெருமூலையிலிருந்த மெக்கானிக் துளியை மோந்து பார்த்துவிட்டு, “இது கியர் பாக்ஸ் எண்ணெய், டீச்சர்” என்றார். கியர் பாக்ஸைப் பார்த்தால் எண்ணெய் சொட்டுக்கூடக் குறையவில்லை. பெரிய சாலையில் இருந்த இன்னொரு மெக்கானிக் துளியைப் பார்க்கவே இல்லை. “இன்ஜின் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜின இறக்கிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றார். போனில் கேட்டதற்கு அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். “கலர் தண்ணியெல்லாம் ஏமாத்து வேலைம்மா. சூட்டக் கட்டுப்படுத்துற அந்தத் தெர்மோஸ்டாட்டக் கழட்டித் தூர எறி. வெறும் தண்ணிய ஊத்திட்டு நிம்மதியா ஓட்டு.”

மூன்று பேர் மூன்று திசையில் கையைக் காட்டினார்கள். “குழம்பாத, கண்ணாடியப் பாரு, அடுத்தது என்னன்னு யோசி” என்று தினமும் மாணவிகளிடம் சொல்கிறவளுக்கு, எந்தக் கண்ணாடியைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். செவ்வாய் சாயங்காலம் கீழே. புதன் காலை மேலே. புதன் மத்தியானம் கீழே. எழுத எழுதக் குழப்பம் கூடியதே தவிர ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மேல்கூட ஒரு நாள் சந்தேகம் வந்தது. பாவம், அவர் சைக்கிளுக்கே காற்றடிக்கச் சோம்பல்படுகிறவர்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு நர்ஸம்மா வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருட அனுபவம், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். சந்தைத் தெருவில் வண்டிகள் நத்தை மாதிரி ஊர்ந்தன. முள் சிவப்பைத் தொட்டது. வண்டியோடு வந்த கையேட்டை அந்த வாரம்தான் டீச்சர் உட்கார்ந்து படித்திருந்தாள்.

“ஹீட்டரப் போடு. முழுசா திருப்பு. கண்ணாடி நாலையும் இறக்கு.”

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள். “டீச்சர், வெளிய வெயில் கொளுத்துது. ஹீட்டரா?”

“போடுன்னா போடு. இன்ஜின் சூட்ட இழுத்து நம்ம மேல விடும்.”

வேர்த்துக் கொட்டிக்கொண்டே வண்டியை ஓரம் கட்டினார்கள். பானெட்டைத் தூக்கியதும் புஸ்ஸென்று ஆவி. பதற்றத்தில் டீச்சர் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கைவைத்தாள். நர்ஸம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நடுக்கமே இல்லை.

“கைய எடுங்க டீச்சர்! இப்படி மூடியத் தொறந்து மூஞ்சி வெந்து வந்தவங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன். நல்லா ஆறுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

டீச்சர் மாணவி மாதிரி தலையாட்டினாள். நடைபாதை விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கிற கடை ஒன்றுக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர், அவசரமில்லாதவர். வண்டி ஆறிவிட்டதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலில் பழுப்பாக, கூழ் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

“யாரும்மா ரெண்டு தினுசு கலந்து ஊத்தினது?”

“நான் பச்சை மட்டும்தான் ஊத்தினேன். தரையிலதான் இளஞ்சிவப்பாச் சொட்டியிருந்துச்சு.”

“அப்ப சிவப்பு ஊத்தினது வேற ஆளு. இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. கூழாகி உள்ள இருக்குற சின்னச் சின்னக் குழாய அடைச்சுக்கும். அப்புறம் சூடு எங்க போகும்?” மூடியைக் கையில் வைத்து அதன் ஸ்பிரிங்கை அமுக்கிக் காட்டினார். அது தளர்ந்து தொளதொளவென்று இருந்தது. “முதல் குத்தம் இதோடது. அழுத்தத்தத் தாங்கல. அதனாலதான் ஒழுகலே இல்லாம கொஞ்சங் கொஞ்சமா ஆவியாப் போயிருக்கு. வீட்ல வேற யாரு இருக்கா?”

“வீட்டுக்காரர் மட்டும்தான். அவருக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

“தெரியாதவங்கதாம்மா ஊத்துவாங்க” என்றார் அவர்.

நாலு மணிக்குக் கணவர் அச்சகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டுவிட்டாள். “ஏங்க, வண்டில கூலன்ட் ஊத்தினீங்களா?”

அவர் ஒரு செருப்போடு நின்றார். “ஒரு மாசமா. காலையில கிளம்புறப்ப.”

“ஏன்?”

“ஒரு நாள் நீ வண்டிய நிறுத்தினப்ப வெந்த மாதிரி ஒரு இனிப்பு வாசம் வந்துச்சு. எங்க மெஷின்காரர்ட்ட கேட்டேன். கூலன்ட் குறையுது, ஆறினப்புறம் ஊத்துங்கன்னு ஒரு பாட்டில் குடுத்தார். சிவப்பு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“வண்டியப் பத்திப் பேசக்கூடாதுன்னுதானே பேச்சு?”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம்தானா என்று நிச்சயமில்லை. சமையலறைக்குப் போனாள், போனது எதற்கென்று மறந்து திரும்பி வந்தாள். “ரெண்டும் கலந்தா கூழாயிடும்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாது. உனக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது” என்றாள். சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்போதும் இன்னொரு செருப்பைக் கழற்றவில்லை.

மூன்று நாள் வகுப்பு நடக்கவில்லை. மீசைக்காரர் பழையதை வடித்துவிட்டு, வருகிற நீர் தெளிவாகும் வரை திரும்பத் திரும்பக் கழுவி, புது மூடி போட்டு, ஒரே தினுசுக் கூலன்ட்டை ஊற்றிக் கொடுத்தார். முள் தன் பழைய இடத்துக்கு வந்தது. இனி காலையில் பார்க்கிற வேலை கணவருடையது. பார்த்ததை அவளிடம் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் புது ஏற்பாடு.

டீச்சருக்குத்தான் மனசு அடங்கவில்லை. பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் தானாகச் சரியாகிப்போனவை என்று அவள் நினைத்திருந்த ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனாள்.

“குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிப் போயிருந்துச்சே, சரி பண்ணினது நீங்களா?”

“ஆமா.”

“என் குடைக் கம்பி?”

“அதுவும்தான்.”

கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் நின்றுபோயிருந்தது, பிறகு ஓட ஆரம்பித்தது. “இது?”

அவர் அண்ணாந்து பார்த்தார்.

“அது நீன்னுல்ல நெனச்சேன்?”