லீவில் போன டிரில்லர்

அந்தக் கப்பலின் சுவர் முழுக்க முட்டை அட்டை. நான் பொய் சொல்லவில்லை. வெள்ளிப் பெயிண்ட் அடித்து வரிசையாக ஒட்டியிருப்பார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிற கப்பல், கேப்டன் மார்பை நிமிர்த்திக்கொண்டு உத்தரவு போடுகிறான், அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தால் கோழி முட்டை அடுக்குகிற அட்டை. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியாமல் போகலாம். நாமக்கல் பக்கத்துக்காரிக்குத் தெரியாமல் போகுமா?

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் சேலத்தைத் தாண்டி ஒருத்தருக்கும் புரியாது என்று வார்த்தைகளைத் துவைத்துக் காயப்போட்டுத்தான் எழுதுகிறாள். யாராவது பேசுகிற இடத்தில் மட்டும் அப்படியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தொடருக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். என் வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் 'ஆகாயக் கப்பல்' என்றுதான் சொல்வோம். தமிழில் பேசவைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவார்கள். அதை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பயம் வரும். இரண்டுக்கும் காரணம் அந்த முதல் சீசன்தான்.

பின்னால் வந்த சீசன்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. முதல் சீசன் அப்படி இல்லை. ஒரு வாரம் அழ வைக்கும், மறுவாரம் கொட்டாவி வரும். பாதியில் கேப்டனுக்குக் குரலே மாறிப்போனது. அதுவரை கனத்த குரலில் பேசியவன் திடீரென்று சளி பிடித்தவன் மாதிரிப் பேசினான். ஒரு பூதம் வரும், நனைந்த கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு. அதன் காலில் செருப்பு தெரியும். என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். "செருப்புப் போட்ட பேயி எந்த ஊர்லடி இருக்குது?" என்பார். சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வதும் அவர்தான்.

என் மகனுக்குப் பிடித்த ஆள் அந்தக் கப்பலின் டிரில்லர். ஒவ்வொரு கிரகத்திலும் இறங்கித் தண்ணீருக்கு ஓட்டை போடுகிறவன். தாடி வைத்து, கையெல்லாம் கிரீஸ், பார்த்தால் திருச்செங்கோட்டுப் பையன் என்றே சொல்லலாம். என் மகனும் அப்போதுதான் போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து, டிரில்லருக்கு உதவியாக இருந்தான். டீவியைப் பார்த்துக் கத்துவான்.

"ஏனுங்மா, பாருங்க, கேசிங் பைப்பே எறக்காம ஓட்ட போடறானுங்க! மேல மண்ணு பொலபொலன்னு இருக்குது. இப்படிப் போட்டா ஒரு நாளைக்கு மண்ணு சரிஞ்சு உள்ள போயிருவானுங்க."

"வாயக் கழுவு சாமி," என்றேன் நான்.

தளர்ந்த மண்ணில் ஓட்டை போட்டால் பாறை வருகிற வரைக்கும் குழாய் இறக்கவேண்டும். அதைத்தான் கேசிங் என்கிறான். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவன் ரிக்கோடு வடக்கே போனான். காட்டுப் பக்கம் வேலை. போன கொஞ்ச நாளில் அங்கே பேய்மழை. ஆறு உடைத்துக்கொண்டு வந்தது, வண்டிகள் மாட்டிக்கொண்டன என்று ரிக் முதலாளி சொல்லியனுப்பினார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. போன் இல்லை, ஆள் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் லாரி சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவேன். எங்கள் ஊரில் லாரி சத்தம் எந்நேரமும் கேட்கும்.

குலசாமி கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நல்ல வாக்கு. எனக்குச் சிவப்பு வந்தது. பூசாரி திருநீற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஏதாவது பேசியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆகாயக் கப்பல் செம்மண் கிரகத்தில் இறங்கியது. டிரில்லர் ஓட்டை போட்டான். மண் சரிந்தது. மிஷினோடு உள்ளே போனான். மேலே அவன் கை மட்டும் கொஞ்சநேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றினான். நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் டீவியை அணைத்துவிட்டு, அதன்மேல் துண்டையும் போட்டு மூடினார்.

அடுத்த ஞாயிறு வரை நான் பிணம் மாதிரிக் கிடந்தேன். அன்றைக்கு டீவியைப் போடாதே என்றார் அவர். நான்தான் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. போட்டால், கப்பலின் கதவைத் தள்ளிக்கொண்டு டிரில்லர் வருகிறான்! கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ பானத்தைக் குடிக்கிறான். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

"செத்தவன் எப்படிடி வந்தான்?" என்றார் வீட்டுக்காரர்.

"அது ஆகாயமுங்க. அங்க என்ன வேணாலும் நடக்கும். எப்படி வந்தா என்ன, வந்துட்டானில்ல?"

அந்த வாரத்துக்குள் என் மகன் போன் பண்ணினான். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்களாம். அம்மன் சொன்னது தப்பாகி, டீவி சொன்னது பலித்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் அந்தத் தாடிக்காரனுக்கு ஒரு விளக்கு ஏற்றி வைத்துவிட்டேன்.

இரண்டாவது சீசன் வந்தபோது மகன் வீட்டில் இருந்தான். டிரில்லர் இடத்தில் கிராப் வெட்டிய ஒரு பெண் நின்றாள்.

"நம்ம ஆளு எங்கடா?" என்றேன்.

"லீவுல போயிருப்பானுங்மா," என்றான், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

சரிதானே? ரிக்கில் அப்படித்தான். சில மாதம் வேலை, பிறகு ஊருக்கு வந்துவிடுவான், அவன் இடத்துக்கு வேறு ஆள் போகும். ஆகாயத்தில் மட்டும் லீவு கொடுக்கமாட்டார்களா? அப்புறம் எத்தனையோ சீசன் வந்தது. அவன் வரவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும், சொந்தமாக வண்டி எடுத்திருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் பழைய கதை. போன மழைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், முட்டை அட்டையில் மாட்டிக்கொண்டேன்.

என் மகன் இப்போது ரிக்கில் தலை ஆள். மறுபடியும் அதே வடக்கே போனான். போகும்போது, "அம்மாவுக்கு அந்தக் கப்பல் கதையப் போட்டுக் குடு, போன்ல வருதாமா," என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் போனிலிருந்து டீவிக்கு இழுத்துவிட்டாள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சின்னப் படம். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மத்தியானம் பண்ணையில் கோழிக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம்.

"ஏனுங்கத்தை, இதுக்கா உசுர உட்டீங்க?" என்றாள் மருமகள். "அந்தக் கதவப் பாருங்க, நம்ம கோழிக் கொட்டாய் வலை."

"நீ சும்மா இரு புள்ள. போகப் போக நல்லா இருக்கும்."

போகப் போக மழை பிடித்தது. இங்கே இல்லை, அங்கே. செய்தியில் ஒரு பாலத்தைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதைக் காட்டினார்கள். மகன் போனுக்குக் கூப்பிட்டால் ஒரு பொம்பளை புரியாத பாஷையில் பேசினாள். அன்றைக்கு மருமகள் வைத்த குழம்பில் உப்பே இல்லை. நான் அப்படியே சாப்பிட்டேன்.

எனக்குக் கோயிலுக்குப் போகப் பயம். சிவப்பு வந்துவிட்டால்? அதனால் எனக்குத் தெரிந்த வேறு வழியைத்தான் பிடித்தேன். "அந்தச் செம்மண் படத்தப் போடு. அதுக்கு அடுத்ததையும் போடு," என்றேன். அவன் புதைந்து, மறுபடி வருவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். செம்மண் படம் முதல் சீசனின் கடைசியில் இருந்தது.

"இதுக்கு அடுத்தது இல்லீங்கத்தை. இதான் கடைசிப் பாகம்."

"இல்லவே இல்ல. அதுக்கப்புறம் அவன் வருவான். கையத் தொடச்சுக்கிட்டு வருவான். நான் பார்த்தேன்."

"அதப் போன வாரமே பார்த்தமுங்க. அது முன்னாடி வாரது." அவள் கொஞ்சம் படித்தாள். "அப்ப டீவிக்காரங்க வரிசைய மாத்திப் போட்டிருப்பாங்களாட்டம் இருக்குது. இதுல அந்த ஆளு செத்துப் போயிர்றான். அவ்வளவுதானுங்க."

திரும்பி வரவே இல்லையா? இத்தனை வருஷம் அவன் லீவில் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே. முதல் நாளிலிருந்து அவன் அந்த மண்ணுக்குள்தானா? அப்படியென்றால் எனக்கு வந்த நல்ல வாக்கு வாக்கே இல்லை. கோயிலில் வந்த சிவப்புதான் வாக்கு. என் மகன் அன்றைக்குத் தப்பித்தது ஏதோ கணக்கு மாறிப்போய். இந்தத் தடவை அந்தக் கணக்கைச் சரிபண்ணிவிடுவார்களோ?

"டீவிய நிறுத்து," என்றேன். ஏன் என்று கேட்டாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன், சிவப்புப் பூவிலிருந்து எல்லாம்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "நீங்க வேற, வெள்ளைக்காரன் டீவியில செத்தா நம்மூட்டுல என்னங்க ஆவப்போவுது," என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் டீவி இருக்கிற அறைக்கே போகவில்லை. துணி மடிக்கவும் அங்கே போவதில்லை. சமையல்கட்டிலேயே கிடந்தோம். போன் அடுப்புமேடையில் இருந்தது. அது விளம்பரத்துக்கு அடித்தாலும் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு எடுப்பாள்.

ஒரு மத்தியானம் அவளே வந்து நின்றாள்.

"அத்தை, பழைய மாதிரியே போட்டுப் பாக்கலாமுங்களா?"

"எந்த மாதிரி?"

"டீவிக்காரன் போட்ட மாதிரி. மொதல்ல செம்மண்ணு. அப்புறம் கையத் தொடைக்கிறது."

நான் எழுந்து டீவி அறைக்குப் போனேன். பார்த்தோம். மண் சரியும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் தடம் பதிந்துவிட்டது. கேப்டன் தொப்பியைக் கழற்றியதும் படத்தை மாற்றினாள். முட்டை அட்டைச் சுவர், கோழி வலைக் கதவு, அதைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். கையைத் துடைத்தான், குடித்தான். நாங்கள் போனைப் பார்த்தோம். அது அடிக்கவில்லை. மறுநாளும் பார்த்தோம். அன்றைக்கும் அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் நான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் செருப்பில்லாமல் கொட்டாய்க்குள் ஓடி வந்தாள். போனை என் காதில் வைத்தாள்.

"ஏனுங்மா, நல்லா இருக்கறீங்களா?" என் மகன். "வண்டி ஆத்துக்கு அக்கட்ட மாட்டிக்கிச்சு. போன் நனைஞ்சு போச்சு. வேற ஒண்ணுமில்லீங்."

எத்தனை கேட்டிருக்கலாம். சாப்பிட்டாயா, எங்கே படுத்தாய், எப்போது வருவாய். என் வாயில் வந்தது இதுதான்:

"அந்த டிரில்லர் செத்துட்டானாமாடா."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்மா. எங்கூட வேல செஞ்ச பையன் சொன்னான், டீவிக்காரன் முன்ன பின்ன மாத்திப் போட்டுட்டான்னு. நீங்க அவனுக்காவ அழுதத அப்பா சொன்னாரு. அதான் லீவுல போயிட்டான்னு சொல்லி வச்சேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது, கோழியெல்லாம் மிரள்கிற அளவுக்குச் சிரித்தேன். மகன் உயிரோடு இருக்கிறான், அதைவிட என்ன வேண்டும்?

தண்ணீர் வடிந்து அவன் வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக டீவி முன்னால் உட்கார்ந்து, கேசிங் இறக்காத வெள்ளைக்காரர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்பை இடது கையால் வாங்கினான். வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டைக் காலருக்குள் கட்டு தெரிந்தது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லீங்மா. ராடு எறக்கும்போது லேசாப் பட்டுது."

முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னான். லீவுல போயிருப்பானுங்மா என்று சொன்ன அதே முகம், அதே குரல். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கேயிருந்து இத்தனை வருஷம் அவன் சொன்ன 'ஒண்ணுமில்லீங்' எல்லாம் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. அதில் எது நிஜம், எது லீவு?

அவன் டீவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மருமகள் பின்னால் போய் நின்று, அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.